கையில ஒண்ணுமே இல்லியே, அப்பா

கடந்த பொங்கல் விடுமுறையில் கன்னியாகுமரிக்குப் போயிருந்தோம். நாகர்கோவிலில் குடியிருக்கிற எங்களுக்கு அது பக்கம்தான். நினைத்த நாளில் போய்வரலாம். அன்று போனது ஒரு படத்துக்காக. நீட்டிய உள்ளங்கையில் சூரியன் உட்கார்ந்திருப்பது போல ஒரு படம் எடுப்பார்களே, அது. எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று இருக்கிறது. கேமரா வைத்திருக்கிறவன் என்பதால் அவற்றில் பலவற்றை எடுத்துக்கொடுத்ததும் நான்தான். நம் பிள்ளைக்கு மட்டும் இல்லையே என்று வீட்டில் பேச்சு வந்தது.

மகளுக்கு ஒன்பது வயது. மஞ்சள் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பிச்சிப்பூ. கோவளம் போகிற சாலையில், சூரிய அஸ்தமனம் பார்க்கிற இடத்தில் ஐந்தரை மணிக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். விடுமுறைக் கூட்டத்தோடு ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் சேர்ந்திருந்தது. "கையை இன்னும் கொஞ்சம் தூக்கு மக்களே. இடது பக்கம். விரலை விரி. அசையாத." கை வலிக்கிறது என்றாள். இன்னும் ரெண்டே நிமிஷம் என்றேன். முட்டி போட்டுப் பார்த்தேன், படுத்துப் பார்த்தேன், பத்தடி பின்னால் போய்ப் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது. உள்ளங்கைக் குழியில் வட்டம் அப்படியே உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய்த் திரையைக் காட்டினேன். பார்த்தாள். பிறகு தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நான் பாக்கும்போது கையில ஒண்ணுமே இல்லியே, அப்பா."

சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பினாள். சூரியன் போயிருந்தது.

அந்தப் படம் எப்படி விழுகிறது என்பது எடுக்கிறவர்களுக்குத் தெரியும். கேமராவும் பிள்ளையின் கையும் சூரியனும் ஒரே கோட்டில் வர வேண்டும். அந்தக் கோடு கேமராவுக்குப் பின்னால் இருக்கிறவருக்கு மட்டும்தான் தெரியும். கையை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் எதிரே அதட்டிக்கொண்டிருக்கிற அப்பாவும், அவருக்குப் பின்னால் நிற்கிற கார்களும். தன் முதுகுக்குப் பின்னால் வானம் என்ன நிறத்தில் இருக்கிறது, அலை எப்படி மின்னுகிறது, எதுவும் அவளுக்குத் தெரியாது. சூரியன் கடலில் மறைவதைக் காட்டுகிறோம் என்று சொல்லித்தான் பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். போன பிறகு அதற்கு முதுகைக் காட்டி நிறுத்திவைக்கிறோம். இத்தனை வருடத்தில் நம் பிள்ளைகள் எத்தனை சூரியனை முதுகால் மட்டும் பார்த்திருப்பார்கள்?

தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. அதில் பெரும்பகுதி கிழக்கு பார்த்தது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் இருக்கிற பிள்ளை கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்க்கலாம். கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க முடியாது. சாயங்காலம் மெரினாவில் அலையைப் பார்த்து நிற்கிறவர்களின் முதுகில்தான் வெயில் அடிக்கும். சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடும். அதனால்தான் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து குமரிக்கு வருகிறார்கள். சின்னப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலும் பையுமாக ஓட்டமும் நடையுமாக வருகிற அப்பா அம்மாக்களை வருடம் முழுக்கப் பார்க்கிறேன். பிள்ளை மேல் ஆசை இல்லாதவர்களா அவர்கள்? இவ்வளவு செலவும் அலைச்சலும் பிள்ளைக்காகத்தானே?

அப்படி வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம். சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து மேல் விளிம்பு மறைகிறவரை நம் ஊரில் அவ்வளவுதான் நேரம். நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் பூமி சுழல்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் அரை டிகிரி. கையை நன்றாக நீட்டிச் சுண்டுவிரலைப் பிடித்தால் விரலின் பாதி அகலத்துக்குள் மொத்தச் சூரியனும் அடங்கிவிடும். இந்த இரண்டு நிமிடக் கணக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மனக்கணக்காகப் போட்டுவிடும். இன்னொன்றும் இருக்கிறது. கீழ் விளிம்பு கடலைத் தொடுகிறது என்று நாம் பார்க்கிற அந்த நொடியில் உண்மையில் சூரியன் தொடுவானத்துக்குக் கீழே முழுசாக இறங்கியாகிவிட்டது. காற்று அதன் ஒளியை வளைத்து மேலே தூக்கிக் காட்டுகிறது. கடைசி நேரத்தில் வட்டம் நசுங்கினாற்போல, அகல வாய்ச் சட்டிபோலத் தெரிவதும் இதனால்தான். "அது அங்க இல்ல மக்களே, ஆனாலும் நமக்குத் தெரியுது பாரு" என்று சொன்னால் எந்தப் பிள்ளை கண்ணை விரிக்காது? இதெல்லாம் எனக்குத் தெரியும். பத்து வருடமாகச் சூரியனைப் படம் எடுக்கிறேன். என் மகளிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்த இரண்டு நிமிடத்தில் நான் அவளிடம் சொன்ன வார்த்தைகளை எண்ணிவிடலாம்: சிரி, இங்க பாரு, கண்ணைச் சுருக்காத, அசையாத.

வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது இது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தூங்குகிற பிள்ளையை எழுப்பிக் குளிப்பாட்டுகிறோம். விளையாட்டுக்கு வசதியான பழைய சட்டையை அது எடுத்துக்கொண்டு வந்தால், படத்தில் எடுப்பாக இருக்காது என்று திருப்பி அனுப்புகிறோம். காரில் கண் அசந்தால் தலை கலைந்துவிடும் என்று நிமிர்த்தி உட்காரவைக்கிறோம். கடற்கரையில் கால் வைத்ததும் வாழைக்காய் பஜ்ஜி வாசனை வருகிறது, கேட்கிறது. உதடு எண்ணெயாகிவிடும், படம் எடுத்தபிறகு. அலையில் நிற்கக் கேட்கிறது. பாவாடை நனைந்துவிடும், படம் எடுத்தபிறகு. மணலில் உட்காரக் கேட்கிறது. அதற்கும் அதே பதில். படம் எடுத்தபிறகு என்ன ஆகிறது? இருட்டிவிடுகிறது. வண்டிகள் மொத்தமாகக் கிளம்பும் முன்னால் நாம் கிளம்ப வேண்டும், நாளைக்குப் பள்ளிக்கூடம் வேறு இருக்கிறது. பஜ்ஜியைக் காரில் சாப்பிட்டுக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வருகிறது. கடலுக்குப் போன கால் உலர்ந்தபடியே திரும்புகிறது.

சொத்தவிளைக் கடற்கரையில் ஒரு சாயங்காலம் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஓர் அம்மா, நான்கு வயசுப் பையன். பையனை வெயில் படாமல் சேலைத் தலைப்பால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தவர்தான். என் கையில் கேமராவைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துத் தாங்களேன்" என்று கேட்டார். பையன் நிற்கவில்லை. அவன் கண்ணெல்லாம் கரையில் இழுத்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல். இரண்டு தடவை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். மூன்றாம் தடவை முதுகில் ஒன்று வைத்தார். பையன் அழுதான். உடனே அவருக்கே பொறுக்காமல், மண்டி போட்டுக் கண்ணைத் துடைத்துவிட்டு, "சிரி தங்கம், மாமா போட்டோ எடுக்காங்க" என்றார். பையன் சிரித்தான். அடுத்த நொடியே, கன்னத்தில் ஈரம் காயும் முன்னால், பல் தெரியச் சிரித்தான். நான் எடுத்தேன். நல்ல படம். அந்த அம்மாவின் எண்ணுக்கு அனுப்பினேன், அவர் நன்றி சொன்னார்.

நான்கு வயதுப் பிள்ளைக்கு அந்தச் சிரிப்பைக் கற்றுக்கொடுத்தது யார்? உள்ளுக்குள் விம்மிக்கொண்டே வெளியில் பல்லைக் காட்ட வேண்டும் என்பதை அவன் எங்கே பார்த்துப் படித்தான்? பெரியவனாகிப் பள்ளியில் ஒரு கஷ்டம், மனசில் ஒரு பயம் என்று வரும்போது அதே சிரிப்போடு நம் முன்னால் நின்றால், நமக்கு அடையாளம் தெரியுமா?

மேகம் வந்துவிட்டால் இன்னும் மோசம். கோடை விடுமுறையில் வருகிறவர்களுக்கு மேகம் இல்லாவிட்டாலும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் தென்மேற்காகச் சாய்ந்து கடலுக்குள் இறங்குகிற சூரியன், மே, ஜூனில் வடக்கே நகர்ந்துவிடுகிறது. குமரி முனையில் நின்றால் அப்போது அது கரைக்குப் பின்னால், தென்னைகளுக்குப் பின்னால்தான் மறையும். கரை வடமேற்காகத் திரும்புகிற முட்டத்துக்குப் போனால் கடலில் பார்க்கலாம், ஆனால் ஜூன் பிறந்தால் பருவமழை மேகம். இது தெரியாமல் வருகிற குடும்பத்தில் அன்று சாயங்காலம் முகங்கள் எப்படி மாறுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கோபம், வந்த செலவு வீண். அம்மாவுக்குக் கோபம்; அன்றைக்கே வா என்று சொன்னேனே. கடைசியில் அந்தக் கோபம் எங்கே போய் இறங்குகிறது? சங்கும் சோழியும் விற்கிற கடையில் பாசிமாலை கேட்ட பிள்ளையின் மேல். மேகம் வந்ததற்கு அது என்ன செய்யும்? அதற்கு மேகமும் வேடிக்கைதானே?

எங்கள் காலத்தில் படம் என்றால் ஸ்டூடியோ. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ புதுத்துணி போட்டுக் கூட்டிப் போவார்கள். பின்னால் தொங்குகிற சீலையில் கடலும் தென்னையும் அஸ்தமனமும் வரைந்திருக்கும். மோவாயைப் பிடித்துத் திருப்பி, மூச்சைப் பிடித்து நிற்கச் சொல்வார்கள். ஒரே ஒரு படம், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். அதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேலைநாட்டு ஸ்டூடியோக்களில் ஒரு படம் விழப் பல விநாடிகள் ஆகும். அதுவரை கைக்குழந்தை அசையாமல் இருக்காது என்பதால், தாயை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையோடு ஒரு துணியைப் போர்த்தி, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுப்பார்கள். நாற்காலிக்கு உறை போட்டதுபோலத் தெரியும். அப்படிப்பட்ட படங்கள் ஏராளமாக இன்றும் இருக்கின்றன. துணிக்குள் மூச்சு முட்ட உட்கார்ந்திருந்த அந்தத் தாய்மார்களின் கை குழந்தையின் மேல் இருந்தது. கஷ்டம் பெரியவருக்கு. நம் கையில் இருக்கிற செல்போனுக்கு ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். பிறகு எதற்காக நம் பிள்ளையை இருபது நிமிடம் நிறுத்திவைக்கிறோம்?

வீடு திரும்பியதும் அடுத்த வேலை. சாப்பாட்டுத் தட்டுக்கு ஒரு கை, செல்போனுக்கு ஒரு கை. ஸ்டேட்டஸில் போட்டாயிற்று. யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை, கணக்கு ஓடுகிறது. "அத்தை பையன் எவ்வளவு அழகா நிக்கிறான் பாரு, உனக்குத்தான் நிக்கவே தெரியல" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தை. அதைச் சொன்னதுகூட நமக்கு ஞாபகம் இருக்காது. சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்.

மகளின் உள்ளங்கைச் சூரியன் படத்தைப் போட்ட அன்று, உறவில் ஒருவர், பாசத்தோடுதான், "பாப்பா கறுத்துட்டாளே, வெயில்ல ரொம்ப விடாதீங்க" என்று எழுதியிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை. சூரியனுக்கு எதிரே நிறுத்தி எடுத்தால் முகம் இருட்டாகத்தான் விழும். நான் வெளிச்சத்தை அப்படி வைத்தேன், அவ்வளவுதான். எழுத்துக்கூட்டி வாசிக்கிற வயசைத் தாண்டிய மகள் வாசித்திருக்கிறாள். ராத்திரி படுக்கப் போகும் முன்னால் வந்து, "அந்தப் படத்தை எடுத்துருங்கப்பா" என்றாள். எல்லாரும் பாத்தாச்சு, நாளைக்குத் தானாப் போயிரும் என்றேன். அடுத்த வாரம் கடலுக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று கழுத்துவரை பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள்.

இருபத்துநான்கு மணி நேரத்தில் ஸ்டேட்டஸ் போய்விடும் என்று நான் சொன்னேன். அது எங்கிருந்து போய்விடும்?

பாறைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இதில் மென்மையாகப் பேச எனக்கு மனசில்லை. முட்டத்துப் பாறைகள் படத்தில் அழகாக விழும். 'அலைகள் ஓய்வதில்லை' வந்த 1981லிருந்து சினிமாவில் பார்த்துப் பழகிய இடம் அது. அந்தப் பாறையின் விளிம்பில், பாசி வழுக்குகிற இடத்தில், கடலுக்கு முதுகு காட்டிப் பிள்ளையை நிறுத்தி, அலை மேலே சிதறுகிற நொடிக்காகக் காத்திருக்கிறோம். பெரிய அலையாக வந்தால் நல்லது என்று நினைக்கிறோம். படத்தில் எடுப்பாக இருக்கும். நானே நினைத்திருக்கிறேன். ஒரு தடவை வலையை மடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து ஓடிவந்து, என் மகளின் கையைப் பிடித்து இழுத்துக் கீழே கொண்டுவந்து விட்டார். "ஓய், கடல் ஒமக்குச் சொல்லிட்டா வரும்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. கோபமும் வந்தது, அந்த வெளிச்சம் போய்விட்டதே என்று. ஆம், முதலில் வந்த எண்ணம் அதுதான்.

இந்தக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் வெளுத்துக் கிடக்கும். எங்கோ தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசிய புயலில் பிறந்த அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து திடீரென்று கரையேறும். திருடன்போல வருவதால் அந்தப் பெயர். 2024 மே மாதத்தில் கணபதிபுரத்துக்குப் பக்கத்தில் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை ஒரே நாளில் கொண்டுபோனது கடல். வளர்ந்த பிள்ளைகள், இன்னும் கொஞ்ச நாளில் டாக்டராகியிருக்க வேண்டியவர்கள். வளர்ந்தவர்களையே இழுக்கிற கடலுக்கு முன்னால், பின்னால் என்ன வருகிறது என்று பார்க்கவே முடியாதபடி ஏழு வயதுப் பிள்ளையை நாம் நிறுத்துகிறோமே, எந்தத் தைரியத்தில்? கடல் எச்சரிக்கை அறிவித்திருக்கிறார்களா என்று செய்தியைப் பார்க்கிறோமா? சூரியன் மறைகிற நேரம் மட்டும் நிமிடக் கணக்கில் நமக்குத் தெரிகிறது.

இவ்வளவும் பிள்ளையைப் படத்துக்கு நிறுத்துவதைப் பற்றி. பிள்ளையே கேமராவைக் கையில் எடுத்தால் நாம் என்ன செய்கிறோம்? அதையும் சொல்லிவிடுகிறேன், என் வீட்டில் நடந்தது.

அந்தப் பொங்கலுக்கு முந்தைய ஆகஸ்ட். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட தினம். 1839இல் அந்தத் தேதியில்தான் டாகுவேர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறையைப் பிரான்ஸில் எல்லோருக்கும் பொதுவில் அறிவித்தார்கள். மகளின் பள்ளியில் போட்டி வைத்தார்கள், தலைப்பு இயற்கை. என்னுடைய பழைய சின்ன கேமராவை அதற்கு ஆறு மாதம் முன்பே அவளிடம் கொடுத்திருந்தேன். வீட்டுப் பூனை, மாடியில் காயப்போட்ட வற்றல், பாட்டியின் காது என்று கண்டதையெல்லாம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தாள். போட்டி என்றதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. மழை வெறித்திருந்த ஒரு சாயங்காலம் சொத்தவிளைக்குக் கூட்டிப்போய்ப் பாடம் எடுத்தேன். தொடுவானம் கோணக் கூடாது. சூரியனை நடுவில் வைக்காதே, சட்டகத்தை மூன்றாகப் பிரித்துக்கொள். வெளிச்சத்தைக் குறை, அப்போதுதான் நிறம் வரும். உயரத்தில் இருக்கிற சூரியனை என் பெரிய லென்ஸ் கேமராவின் கண்துளை வழியாகப் பார்த்தால் விழித்திரையே கெட்டுப்போகும் என்பதால், அந்தக் கேமராவை மட்டும் அவள் கையில் கொடுக்கவில்லை. கண்ணைக் காப்பாற்றத் தெரிந்தது எனக்கு.

நாற்பது படம் எடுத்திருந்தாள். ராத்திரி கணினியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். நண்டு வளை. அறுந்த செருப்பு. பலூன்காரரின் கால்கள். கோணலான கடல். ஒரு படத்தில் கரையில் நிற்கிறவர்களின் முகங்கள் மட்டும். "சூரியன் எங்க?" என்று கேட்டேன். "அவங்க அதத்தான் பாத்துட்டு இருக்காங்க" என்றாள். சரி என்று அதையும் தள்ளிவிட்டேன். சூரியன் விழுந்திருந்த படம் ஒன்று இருந்தது. கோணலை நிமிர்த்தினேன், ஓரத்தை வெட்டினேன், ஆரஞ்சு நிறத்தை ஏற்றினேன், அவள் பெயரில் அனுப்பினேன். இரண்டாம் பரிசு. மேடையில் ஏறி வாங்கினாள். வீட்டுக்கு வந்து சான்றிதழை என்னிடம் நீட்டினாள். "நீங்க வெச்சுக்கோங்க" என்றாள். நான் பெருமையாகக் கண்ணாடி போட்டு மாட்டினேன். அதற்குப் பிறகு அவள் கேமராவைத் தொடவில்லை என்பதை நான் கவனித்தபோது தீபாவளி தாண்டிவிட்டது.

பாட்டாகட்டும், சதுரங்கமாகட்டும், ஓவியமாகட்டும், பிள்ளை தானாக ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் அடுத்த வாரமே வகுப்பில் சேர்க்கிறோம், அதற்கடுத்த மாதம் போட்டிக்கு அனுப்புகிறோம். அஸ்தமனத்தைப் பார்த்து ஒரு பிள்ளை சும்மா இருக்கக்கூட நாம் விடுவதில்லை. அவளுக்குப் பூனையை எடுக்கப் பிடித்திருந்தது. அதில் எனக்கு என்ன குறைந்துபோனது?

பொங்கல் அன்று அவள் தன் வெறும் கையைத் திருப்பிப் பார்த்தது மனசை விட்டுப் போகாமல், சில நாள் கழித்து அந்த நாற்பது படங்களைத் திரும்பத் திறந்தேன். முகங்கள் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லார் மேலும் மஞ்சள் வெளிச்சம். பாதிப்பேர் முகத்துக்கு முன்னால் செல்போன் இருந்தது, அதன் நிழல் மூக்கின் மேலும் வாயின் மேலும் விழுந்திருந்தது. ஒரு தாத்தாவின் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தையும், சுண்டல் தூக்குவாளியோடு நின்ற ஓர் அம்மாவும்தான் வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலது ஓரத்தில் நான் இருந்தேன். அவளுக்குக் கற்றுக்கொடுக்க வந்தவன், அவள் படமெடுப்பதைப் பார்க்காமல் என் கேமராவில் கண்ணை வைத்திருந்தேன்.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவையும் செல்போனையும் வீட்டில் வைத்துவிட்டு அவளைச் சொத்தவிளைக்குக் கூட்டிப்போனேன். பழைய சட்டையைத்தான் போட்டிருந்தாள். சூரியன் இறங்கத் தொடங்கியதும் ஓடிப்போய், நான் ஒன்றும் சொல்லாமலே, முதுகைக் கடலுக்குக் காட்டி, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். படம் எடுக்கலை மக்களே, சும்மா பாரு என்றேன். கையை இறக்கினாள். கடல் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி என் கைகளைப் பார்த்தாள். மறுபடி கடல். மறுபடி என் கைகள். சட்டைப்பையைக்கூடப் பார்த்தாள். சூரியன் மறைகிறவரைக்கும் அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். உங்கள் பிள்ளையை ஒரு சாயங்காலம் இப்படிக் கூட்டிப்போய்ப் பாருங்கள். எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறது என்று எண்ணுங்கள்.

அடுத்தடுத்த வாரங்களும் போனோம். ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கே உறைத்தது. சூரியன் மறைந்ததும் கூட்டம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. வானம் நன்றாகச் சிவப்பது அதற்குப் பிறகு பத்து, பதினைந்து நிமிடம் கழித்துத்தான், கீழேயிருந்து மேகத்தின் அடிவயிற்றில் வெளிச்சம் படும்போது. அந்த நேரத்தில் கரையில் ஆள் இருப்பதில்லை.

போன வாரமும் மணலில் குந்தி, சின்னக் குச்சியால் ஒரு நண்டு வளையை நோண்டிக்கொண்டிருந்தாள். சூரியன் கடலைத் தொட்டது. மக்களே, அங்க பாரு என்று சொல்ல வாய் வந்துவிட்டது, சொல்லவில்லை. மறைந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ளதான் இருக்கு, இப்ப வரும்" என்றாள். நானும் பக்கத்தில் குந்தினேன். அலை வந்து வளையின் வாயை மூடிவிட்டுப் போனது. அவள் ஈர மணலை விரலால் விலக்கிவிட்டு, மறுபடி காத்திருந்தாள்.